செயப்பாட்டு வினை

சம்மாந்துறை நீதிவான் நீதிமன்றத்தில்
மின்விசிறி ஒன்றுதான் சுற்றுகிறது,
அதுவும் நீதிவானுக்கு.
சாட்சிக் கூண்டின் மரப்பிடியில்
எனக்கு முன் நின்றவரின் வியர்வை இன்னும் காயவில்லை.

பெயர் கேட்டார்கள். யசோதரா குணநாயகம், காரைதீவு.
தகைமை கேட்டார்கள்.
குடிசார் பொறியியலில் பட்டம்.
தடயவியல் பொறியியலில் முதுமாணி, இரண்டாம் ஆண்டு,
இன்னும் முடியவில்லை.
"முடியவில்லை" என்ற சொல்லின் கீழ்
எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் பேனை
இரண்டு தரம் ஓடியதைப் பார்த்தேன்.

வெள்ளி இரவுகளில் கல்முனையில் பஸ் ஏறி
சனி விடியக் கொழும்பில் இறங்கிப் படித்தது இதுதான்:
விழுந்ததைத் தொடாதே, முதலில் படம் எடு.
சான்றுப்பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு,
எத்தனை மணிக்கு, எழுது.
உன்னை அழைத்தவருக்கு அல்ல, மன்றுக்கே நீ கடமைப்பட்டவள்.
பிறகு, அறிக்கையில்
"நான்" வேண்டாம், "அவர்" வேண்டாம்.
அளக்கப்பட்டது. பரிசோதிக்கப்பட்டது. கண்டறியப்பட்டது.

ஆகவே சொன்னேன்:
அந்த நெல் களஞ்சியத்தின் கிழக்குச் சுவர்
பத்தடி நெல்லுக்கெனக் கட்டப்பட்டது.
விழாமல் நின்ற பக்கச் சுவரில்
உமித்தூசி ஒரு கோடு விட்டிருந்தது,
வற்றிய குளம் அணைக்கட்டில் விடுகிற கோடு போல.
பதினைந்து அடி. பீ நான்கு என்று குறியிட்ட படம்.
உயரம் ஒன்றரை மடங்கானால்
சுவரின் அடியில் திருப்பம் மூன்று மடங்கைத் தாண்டும்.
கல்லில் குறையில்லை, சாந்தில் குறையில்லை.
மேசனார் கடைசி வாங்கில் இருந்து
சாரத்து முனையால் முகத்தைத் துடைத்தார்.

"மேலதிக ஐந்தடியை நிரப்பியது யார்?"
நிரப்பப்பட்டிருந்தது, என்றேன்.
"யாரால்?"
மூடை சுமந்தவர்களால்.
"இறந்தவரும் அதில் ஒருவர்?"
ஆம்.
"ஆகவே, தன்மேல் விழுந்த பாரத்தைத் தானே ஏற்றினார்."

எனக்குத் தெரிந்தது நெல்லின் அடர்த்தி.
குவியலின் சாய்வுக் கோணம் தெரியும்.
விலை ஏறட்டும் என்று காத்திருந்தவரின் வாய்
"இன்னும் போடு" என்றதா என்பது
தூசியில் பதியவில்லை.
அது என் துறைக்கு வெளியே, என்றேன்.
சரியான விடை. பரீட்சையென்றால் முழுப்புள்ளி.

மதிய இடைவேளையில் தேநீர் ஆற,
அந்தச் சிறு சொல்லை நினைத்தேன்:
நிரப்பப்பட்டது, ஏற்றப்பட்டது.
செய்தவனைப் பின்கதவால் அனுப்பிவிட்டு
வாசலில் காவலுக்கு நிற்கிற படு.
துன்பப்படுவதும் அதே படுதான்.
ஆனால் மாசி இருபத்தொன்றில்
ஆதம்பாவா உவைஸ்
நெல்லுக்கடியில் பட்டது எதுவோ,
அது என் எந்த வாக்கியத்திலும் இல்லை.

மதிலோரம் வாகை நிழலில் அவர் மனைவி றாவியா.
வழக்கு நடக்கையில் மற்றச் சாட்சியோடு பேசக்கூடாது.
அதுவும் படித்ததுதான்.
"புள்ள, அஞ்சடி எண்டு சொன்னீங்களே,
அது எத்தின மூடை?"
ஏன் என்று கேட்டுவிட்டேன்.
"மூடைக் கணக்குலதான் கூலி.
அந்தக் கிழமைக் காசு இன்னும் தரல்ல.
எத்தினயெண்டு முதலாளிக்குத் தெரியாதாம்."

இரவு பஸ் டிக்கட்டைப் புரட்டினேன்.
இருபதுக்கு முப்பது, உயரம் ஐந்து,
சாய்வு கழித்து, மூடை அறுபத்தைந்து கிலோ:
அறுநூற்று எண்பது. வழு நூற்றுக்கு எட்டு.
சுமந்தது நாலு பேர்.
நாற்பத்தாறு பக்க அறிக்கையில் ஓரிடத்திலும் எழுதாததை
எழுவாயோடு எழுதினேன்:
உவைஸ் சுமந்தார், நூற்று எழுபது மூடை.

அவர் டிக்கட்டை வாங்கவில்லை.
"சைன் வைங்க" என்றார்.
களஞ்சியத்தில் அளந்த நாளின் நெற்சுணை
மணிக்கட்டில் மறுபடி அரிப்பதுபோல் இருந்தது.
உள்ளே என் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.
பேனை மூடியைக் கழற்றிவிட்டேன்,
இன்னும் மூடவில்லை.